தண்ணி வத்தும்போது

அந்தத் தாளில் ‘பிறந்த ஊர்’ என்று ஒரு கட்டம். கச்சால் என்று எழுதினேன். ‘செல்லும் தீவு’ என்று இன்னொரு கட்டம்; அங்கேயும் கச்சால். அடுத்தது ‘வருகையின் நோக்கம்’. பேனா நின்றுவிட்டது.

நிக்கோபார் தீவுகளுக்குப் போக வெளியாட்கள் பழங்குடிப் பகுதி அனுமதி வாங்கியாக வேண்டும். நான் வெளியாள். கவுண்டரில் இருந்த தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். “சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா அங்கே?” என்று இந்தியில் கேட்டான். இருக்கிறார்கள் என்றால் பெயர் கேட்பான்; இல்லை என்றால் பிறகு எதற்கு என்பான். “பார்த்துட்டு வரணும்” என்றேன். “எதை?” என்றான். நியாயமான கேள்விதான். நான் விழித்ததைப் பார்த்து அவனே மனமிரங்கி, ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக்கொண்டான்.

அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு மனக்குறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1956-இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அது. நிக்கோபாரில் வெளியார் நிலம் வாங்க முடியாது, நினைத்தபோது போய் இறங்கவும் முடியாது. அப்படி ஒரு வேலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே அந்தமானைப் பார்த்தால் போதும். வெள்ளைக்காரன் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று ஐம்பது சொச்சம் பேர். வேலி இருக்கட்டும். வேலிக்கு வெளியே நின்றுகொண்டு என் ஊர் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்பதுதான் இந்த இருபது வருடமாக என்னைக் குடைகிறது.

நாங்கள் கச்சாலுக்கு வந்தது நேர்வழியில் இல்லை. அப்பாயியின் பாட்டனார் காலத்தில் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கண்டிச்சீமைக்குப் போன குடும்பம். தேயிலைக்குப் போகவில்லை, ரப்பருக்கு. களுத்துறைப் பக்கத்துத் தோட்டம். 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, லயத்தில் பிறந்து லயத்தில் பிள்ளை பெற்றவர்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். “மணப்பாறைச் சந்தையில மாட்டைப் பிரிச்சாக்கூடப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான், நம்மளை அதுகூடப் பார்க்கலை” என்பார் தாத்தா. அவர் பேசிய அரசியல் அவ்வளவுதான்.

தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்தபோது குடும்பத்துக்கு ஓர் ஊராக எழுதினார்கள். அப்பாயியின் அக்காவுக்குக் கூடலூர், தேயிலை. தம்பிக்குப் புனலூர், ரப்பர். சின்னத் தாத்தாவுக்குக் கர்நாடகத்துச் சுள்ளியா, அங்கும் ரப்பர். எங்கள் தாத்தாவைப் பார்த்து, “பால் வெட்டத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். “அது ஒண்ணுதான் தெரியும்” என்றிருக்கிறார். கச்சாலில் புனர்வாழ்வுத் திட்டத்தின் கீழ்க் காட்டை அழித்து ரப்பர் நட்டிருந்தார்கள். வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1970களில் அப்படிப் போய்ச் சேர்ந்த நாற்பது ஐம்பது குடும்பங்களில் ஒன்று எங்களுடையது.

தீவு என்று சொன்னதும் அப்பாயிக்குச் சந்தோஷமாம். அவள் அறிந்த தீவு இலங்கை ஒன்றுதான். திருப்பி அனுப்புகிறார்கள் என்றே நினைத்திருக்கிறாள். சென்னையில் கப்பல் ஏறி, நாலாம் நாள் போர்ட் பிளேரில் இறங்கி, அங்கே வேறு கப்பலுக்கு மாறி, பத்து டிகிரிக் கால்வாயில் குடலைப் புரட்டிப் போட்ட அலையில் கிடந்து, இன்னும் தெற்கே, இன்னும் தெற்கே. “எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே வந்தேன். அந்தத் தீவு வரவேயில்லை” என்பாள். 1998-இல் சாகும்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

போர்ட் பிளேர்த் தமிழ் விழாக்களில் மேடையேறுகிறவர்கள் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இந்த நிக்கோபார்தான் என்று தவறாமல் சொல்வார்கள். எனக்கும் கைதட்டத் தோன்றும். கூடவே, சோழன் கப்பலில் வந்த தமிழனும் அரசுக் கப்பலில் தகர டிரங்குப் பெட்டியோடு வந்த தமிழனும் ஒன்றா என்றும் தோன்றும். அப்பாயிக்குச் சோழனைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ராசா, களுத்துறைத் தோட்டத்துத் துரை.

நான் பிறந்தது 1976-இல், கச்சால் ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அரசாங்கக் காகிதத்தில் அதற்குத் தொழிலாளர் குடியிருப்பு என்று பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அது லயம்தான். கடல் தாண்டி வந்தாலும் வரிசை வீட்டுக்கு வேறு பெயர் வைக்க எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அந்தமான் நிக்கோபார் வனம், தோட்ட வளர்ச்சிக் கழகம் உருவானது. 600 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேலே இருந்த தோட்டத்தை அதுதான் நடத்தியது.

விடியுமுன் அப்பாவும் அம்மாவும் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓடாது. மரத்தைச் சுற்றிச் சாய்வாக, முந்தின வெட்டுக்குக் கீழே, நூலளவு பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் புண்ணாகும், மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. அப்பா சீவும்போது பட்டை பென்சில் சீவின மாதிரி சுருண்டு விழும். அந்தச் சுருளைப் பொறுக்கி நான் மோதிரம் போட்டுக்கொள்வேன். வெட்டின வாய் வழியே பால் கசிந்து, தகரத் தகட்டில் வழிந்து, சிரட்டையில் சொட்டும். பத்து மணிக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் வாளியோடு மறுபடி ஒரு சுற்று. பாலை வடிகட்டி, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்தால் வெள்ளை ஷீட்டாக வரும். புகைக்கூண்டில் தொங்கவிட்டால் நாலைந்து நாளில் தேன் நிறம். சிரட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப்பாலை உருட்டி உருட்டி நாங்கள் பந்து செய்வோம். அந்தப் பந்து எங்கே போய்த் துள்ளும் என்று அதற்கே தெரியாது.

மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, கூலியும் இல்லை. இரண்டு பருவமழையும் வந்து கொட்டும் இடம் அது. நடுச்சாமத்தில் தகரத்தின்மேல் மழை இறங்கினால் அம்மா எழுந்து உட்கார்ந்து கணக்குப் போடுவாள். எனக்கு அது தாலாட்டு; அவளுக்குச் சம்பளப் பிடித்தம். இன்றைக்கு எனக்கு அந்தச் சத்தத்தின்மேல் இருக்கும் ஆசையை அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலேரியா வந்து வருடத்துக்கு இருமுறை லயமே போர்வைக்குள் நடுங்கியதையும் நான் மறந்துவிடவில்லை. ஏக்கம் என்ன செய்யும் என்றால் மாத்திரையின் கசப்பை வைத்துக்கொண்டே ஊரை இனிப்பாக்கிவிடும். இப்போது நான் இருக்கும் போர்ட் பிளேரில், ஜங்கிலிகாட்டில் ஒரு டயர்க் கடை இருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் போனால் நின்று மோந்து பார்ப்பேன். அது வெந்த ரப்பர் வாசனை. நான் தேடியது புகைக்கூண்டுக்கு முந்தைய, கொஞ்சம் புளித்த, பச்சைப் பால் வாசனை. அது இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை.

லயத்திலிருந்து இறக்கம் இறங்கினால் நிக்கோபாரி மக்களின் கிராமம். தூண் மேல் வீடு, கீழே பன்றி, எதிரே கடல், கரை முழுக்கத் தென்னை. நாங்கள் மேட்டுக்காரர்கள், கடலுக்குப் பயந்தவர்கள். அவர்கள் கடல் வாசலில் குடியிருப்பவர்கள். நட்புக்கு அங்கே ‘ஹொல்ச்சு’ என்று ஒரு சொல் இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் ஹொல்ச்சு என்று கூப்பிடலாம். ஆனால் நிஜமான ஹொல்ச்சு வேறு. அப்பாயிக்கு அப்படி ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அப்பாயிக்கு நிக்கோபாரியும் தெரியாது, இந்தி இரண்டு பேருக்குமே தெரியாது. எப்படிப் பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது, பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். இங்கிருந்து அரிசி, பருப்பு, முறுக்கு போகும். அங்கிருந்து தேங்காய், மீன், தாழைப்பழ மாவு வரும்.

தாழைப்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மூரில் தாழை என்றால் பூ, கூந்தலுக்கும் சாமிக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோபார் தாழையில் மனிதத் தலையைவிடப் பெரிய பழம் வரும். அதை வேகவைத்து, நார் நாராகப் பிரித்து, சதையைச் சுரண்டிச் சேர்த்து, பிசைந்து உருட்டி வைப்பார்கள். லேசான இனிப்பு. அரிசி வருமுன் அந்த மக்களை வளர்த்தது அதுதான். ஒரு பழத்தைச் சுரண்ட அரைநாள் ஆகும், அந்த அரைநாளும் பெண்கள் கூடி உட்கார்ந்து பேச்சு. “தாழையில பூவைத்தான் நாம கண்டோம், பழத்தை இவுகதான் கண்டிருக்காக” என்பாள் அப்பாயி.

நான் பிறந்தபோது பேறுகாலம் பார்த்தது அந்த ஹொல்ச்சுதான். நஞ்சுக்கொடியைப் புதைத்து மேலே ஒரு தென்னம்பிள்ளை வைக்க வேண்டும் என்பது அப்பாயியின் பிடிவாதம். தோட்டத்து மண்ணில் ரப்பர் தவிர வேறு மரம் நடக் கூடாது. விஷயம் எப்படியோ சைகையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹொல்ச்சு தன் வீட்டுக்குப் பக்கத்தில், கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவில், ஓர் இடத்தைக் காலால் தேய்த்துக் காட்டினாளாம். அங்கே புதைத்தார்கள். அவள் கொடுத்த நெற்றே முளைத்துத் தென்னையானது. அதற்கு என் பெயரையே வைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது “உன்னைக் குரங்கு மேய்ஞ்சிருச்சு” என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நிக்கோபாரில் குரங்கு இருப்பது கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், கச்சால் ஆகிய மூன்று தீவுகளில் மட்டும்தான். அதில் எங்கள் ஊர்க் குரங்குக்கு என் மரம்தான் ருசி.

என் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கும் சேர்த்து மண்ணோடு இருந்த ஒரே ஒட்டு அந்தத் தென்னை. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஒருத்தி காலால் தேய்த்துக் காட்டின இடம்.

2000 ஜனவரி 1 அன்று இந்தியாவில் புத்தாயிரத்தின் முதல் வெயில் விழுவது கச்சாலில்தான் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தோட்டமே இறங்கிப் போய் வேடிக்கை பார்த்தது. அவர்கள் சூரியனைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். சூரியன் வழக்கம்போல வந்தது.

அதற்கு அடுத்த ஐந்தாவது கிறிஸ்துமஸ் முடிந்த காலை. நான் அப்போது கல்யாணமாகிப் போர்ட் பிளேரில் இருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, காலை ஆறரை மணிக்குக் கட்டில் நகர்ந்தது. வாசலுக்கு ஓடி வந்து நின்றோம். இங்கேயே இப்படியென்றால் தெற்கே எப்படி என்று யோசிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கச்சாலிலிருந்து சேதி வர நாட்கள் ஆயின. லயம் மேட்டில் இருந்ததால் அப்பாவும் அம்மாவும் பிழைத்தார்கள். இளநீர் குடித்துக் காட்டுக்குள் கிடந்திருக்கிறார்கள். இறக்கத்துக்குக் கீழே இருந்த கிராமம் போய்விட்டது. ஹொல்ச்சு போய்விட்டாள், அவளோடு அந்த வீட்டில் ஏழு பேர். நிக்கோபாரில் மிக அதிகமாக உயிர் பறிகொடுத்த தீவுகளில் கச்சால் ஒன்று. இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வராது. நான் அங்கே இல்லை.

வெளியாட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு பள்ளிக்கூட முகாமில் அப்பாவைப் பார்த்தபோது அவர் கையில் இருந்தது பால்வெட்டுக் கத்தி மட்டும். களுத்துறையில் தாத்தா வைத்திருந்த கத்தி அது, பிடி மட்டும் புதிது. இழப்பைப் பதிய வந்தவர் வரிசையாகக் கேட்டார். நிலம்? இல்லை. வீடு? கம்பெனி வீடு. படகு? இல்லை. மரம்? அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “மரமும் இல்லைங்க” என்றார்.

சிலர் பிறகு திரும்பிப் போய் மறுபடி பால் வெட்டினார்கள். அப்பா போகவில்லை. மரங்களுக்கு வயதானது, கழகம் நொடித்தது, கடைசியில் மத்திய அரசே அதை மூட முடிவெடுத்தது. இது இன்னொரு கதை, இதற்கு ஏங்க எனக்கு நேரமில்லை.

2007-இல் ஒருமுறை போய்வந்தேன். அலை வந்துவிட்டுப் போயிருந்தால் கிராமம் மறுபடி எழுந்திருக்கும். ஆனால் நிலமே தாழ்ந்துவிட்டது. நிக்கோபார்க் கரைகள் ஒரு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தன, தெற்கே இந்திரா முனையில் நாலு மீட்டருக்கும் மேல். அங்கே கரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. வந்த கடல் வந்ததுதான். தென்னைகள் நின்ற இடத்திலேயே செத்து, தலை உதிர்ந்து, கடலுக்குள் கம்பம் கம்பமாக நின்றன. என்னுடையது எது என்று தெரியவில்லை.

பிழைத்தவர்களைக் கரையிலிருந்து தள்ளி மேட்டில் குடிவைத்திருந்தார்கள். தகரக் கூரை, தகரச் சுவர், பக்கத்தில் பக்கத்தில் ஒரே அளவு அறைகள். பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. இது லயம். எங்கள் பாட்டன் கண்டிச்சீமையில் இறங்கியபோது கொடுக்கப்பட்டது. கடலைப் பார்த்துத் தூண்மேல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர்கள் இப்போது எங்களைப் போல வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் தகரம் கொதிக்கும் விதத்தை அவர்களிடம் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. பிற்பாடு நிரந்தர வீடுகள் வந்தன; எல்லாச் சாமானும் கப்பலில் வந்தது, வீட்டின் வடிவமும் கப்பலில் வந்தது. பன்றிக்கு இடம் இல்லை, அடுப்புக்கு இடம் இல்லை, பாட்டிக்கு இடம் இல்லை. கார் நிக்கோபாரில் ‘துஹெட்’ என்பார்கள், நிலமும் மரமும் பன்றியும் பொதுவாக இருக்கும் பெரிய குடும்பம். நிவாரணத் தாளில் குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை. பணம் அந்தக் கணக்கில் வந்தது, அந்தக் கணக்கிலேயே குடும்பமும் பிரிந்தது. எங்களைப் பிரிக்க மண்டபத்தில் ஒரு பேனா போதுமாக இருந்தது.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் அவர் புழங்கிய பானையை, பெட்டியை, ஈட்டியை உடைத்துக் கல்லறையில் வைப்பார்கள். ஹொல்ச்சுவின் மகனிடம் அம்மாவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். “உடைக்க என்னா இருக்கு தங்கச்சி?” என்றார்.

கரைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற பேச்சு அப்போதே இருந்தது. நிக்கோபார் முழுக்க இருந்தது. சௌரா தீவுக்காரர்களைத் தெரசாவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் பிடிவாதமாகத் திரும்பினார்கள். திரிங்கெட் தீவை அலை துண்டு துண்டாக உடைத்தது, மக்களைக் கமோர்ட்டாவில் வைத்தார்கள்; அங்கிருந்தும் சில குடும்பங்கள் உடைந்த தீவுக்கே போயின. கிரேட் நிக்கோபாரின் மேற்குக் கரையில் புலோ பாபி, புலோ பக்கா, கொக்கியோன் என்று ஊர்கள் இருந்தன, தெற்கே சிங்கென் இருந்தது. அந்த மக்களைக் கேம்ப்பெல் பேயை ஒட்டி ராஜீவ் நகரிலும் புது சிங்கெனிலும் வைத்தார்கள். ஊருக்குப் போகிறோம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கிடையில் கலாத்தியா விரிகுடாவில் சரக்குத் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று பெருந்திட்டம் வந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் பழங்குடி மன்றத்திடம் வாங்கிய சம்மதக் கடிதத்தை, நவம்பரில் மன்றமே திரும்பப் பெற்றுக்கொண்டது. தங்கள் பழைய ஊர் நிலமும் அதில் அடங்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது என்றார்கள். வரைபடத்தில் ஆள் இல்லாத இடம் என்று தெரிவது யாரோ ஒருவர் திரும்பக் காத்திருக்கும் இடமாக இருக்கும். கச்சாலில் ரப்பர் நடக் காட்டை வெட்டியபோதும் அது ஆளில்லாத காடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த ரப்பரில் வளர்ந்தவள் நான். இதை எழுதாமல் தாண்டிப் போனால் அப்பாயியின் ஹொல்ச்சு என்னை மன்னிக்க மாட்டாள்.

என் மகன் பள்ளியில் படிக்கும்போது நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தான், அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி. அதில் நவஹோ மக்களைப் படித்தேன். அவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1864-இல் அமெரிக்க ராணுவம் அவர்களை ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் நடத்தியே ஒரு வறண்ட முகாமுக்குக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வந்துவிடாதபடி பள்ளத்தாக்கில் இருந்த பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். 1868 ஜூனில் ஒப்பந்தம் போட்டு அதே நிலத்துக்குத் திரும்பினார்கள். நாடு கடத்தப்பட்டவர்களில் இப்படித் திரும்பினவர்கள் அபூர்வம். என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. பிள்ளையின் தொப்புள்கொடியை ஆட்டுப்பட்டியிலோ வீட்டருகிலோ அவர்கள் புதைக்கிறார்கள். கொடி இருக்கும் இடத்துக்கு ஆள் எப்படியும் திரும்பி வருவான் என்பது நம்பிக்கை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். வெங்காயம் அரியவில்லை, ஆனாலும் மகன் கேட்டபோது வெங்காயம் என்றுதான் சொன்னேன்.

கொடி புதைத்த இடம் கடலுக்குள் போய்விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. பாலைவனத்துக்காரர்களிடம் கேட்கிற கேள்வியும் இல்லை அது.

போன மாசியில் கப்பல் ஏறினேன். கையில் அனுமதித் தாள், பையில் இரண்டு கிலோ முறுக்கு. ஓர் இரவும் மறுநாளில் பாதியும். ஜெட்டியில் அண்ணன் நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஏழெட்டு வருடமாகக் கரைப் பக்கம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறார் என்று அவர் மருமகள் புகார் மாதிரிச் சொன்னாள். மேட்டு வீட்டில் மின்விசிறி இருக்கிறது, டிவி இருக்கிறது. குடிசையில் ஒன்றும் இல்லை. “அங்கே தூக்கம் வருது” என்றார் அண்ணன். புது நெற்றுகளை நட்டிருந்தார். சில காய்க்கத் தொடங்கியிருந்தன.

லயத்தைப் போய்ப் பார்த்தேன். பாதி வரிசை இடிந்து, பாதியில் யாரோ இருந்தார்கள். ரப்பர் மரங்களில் அப்பா காலத்து வெட்டுத் தழும்புகள் பட்டை மூடிப் பருத்திருந்தன. ஒரு மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பால் வாசனை இல்லை. அப்பாயியைப் புதைத்த மேட்டில் செடி மண்டிக் கிடந்தது. அண்ணன் முன்னால் போய்க் கத்தியால் வழி வெட்டிவைத்திருந்தார். வருடா வருடம் வெட்டுகிறார் என்பது அந்த வழியைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் தண்ணி வத்தும் நேரம் பார்த்துக் கரைக்குக் கூட்டிப்போனார். செத்த தென்னைகளில் பெரும்பாலானவை விழுந்துவிட்டன. கடல் பின்வாங்க வாங்க அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின, அப்புறம் வீட்டுத் தூண்களின் முளைகள். அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கையை நீட்டிச் சொல்லத் தொடங்கினார். அது சித்தப்பா வீடு. அது சர்ச். அந்தக் கறுப்பாகத் தெரிவது படகு ஏற்றி வைக்கிற இடம். அங்கேதான் உங்க அப்பாயி வந்து உட்காரும், எங்க அம்மா தாழைப்பழம் சுரண்டும்போது, பாதி மாவு அது வாய்க்குத்தான் போகும். ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார், உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்லக் காத்திருக்கிற மாதிரி. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

“கிணறு எங்கேண்ணே?”

இன்னும் இருபது முப்பது அடி தள்ளி, அலை மடங்குகிற இடத்தைக் காட்டினார். அங்கே தண்ணீர்தான் இருந்தது. கிணற்றுக்கு இந்தப் பக்கம், என்றார். உன் மரம். அவர் என் பெயரைச் சொன்னாரா, மரத்தின் பெயரைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியது. கடல் திரும்பியது. கரையேறிக் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, கப்பல் என்றைக்கு என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அப்ப நாளைக்கும் வா. நாளைக்கு அமாவாசை. இன்னும் கொஞ்சம் வத்தும்.”